நாலாவது கேள்வி

உக்காருங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கீங்க. நீங்க வாடகைக்குப் பாக்க வந்த பக்கத்து வீடு எங்கயும் ஓடிப் போயிராது, காப்பி குடிச்சிட்டுப் பாக்கலாம். சாவி என்கிட்டதான் இருக்கு. மாசம் ஒரு தடவை திறந்து, கூட்டிப் பெருக்கி, ஜன்னலத் திறந்து வச்சு காத்துப் போக விட்டுட்டுப் பூட்டிருவேன். நல்ல வீடு. தண்ணி நல்லா வரும். பிறகு ஏன் ரெண்டு வருசத்துக்கு மேல பூட்டிக் கிடக்குன்னு நினைப்பீங்க. நான் சொல்லாட்டாலும் தெருவுல யாராவது சொல்லிருவாவ, ஒண்ணுக்கு ரெண்டா. அதுக்கு நானே சொல்லிர்றது நல்லது.

எம்பேரு வயலட். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தொரு வருசம் ஆப்பரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. கண்ணு மங்கிட்டுது, முட்டு தேஞ்சிட்டுது, காது மட்டும் இன்னும் குமரிக் காது. நாலு வீடு தள்ளிப் பால் பொங்கினாலும் எனக்குக் கேக்கும். எங்க வீட்டு அவிய இறந்து போன பிறகு எனக்குக் கோயிலுதான் எல்லாம். பெண்கள் ஐக்கிய சங்கத்துல பதினஞ்சு வருசமா நான்தான் செயலாளர். நீங்க எந்தச் சபை டீச்சர்? சரி, சரி. அதுக்காகக் கேக்கல.

அது மாசில்லாமணி அண்ணாச்சி வீடு. போஸ்ட்மேனா இருந்தாவ. மதினி இறந்த மறு வருசமே அண்ணாச்சிக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, நாலு வருசம் கட்டில்லதான் கிடந்தாவ. மகன் ஜெபசிங் மில்லுல ஃபிட்டர். கேட்டதுக்குப் பதில் சொல்லுவான், அதுக்கு மேல பேசமாட்டான். அவன் பெண்டாட்டி எப்சிபா. ஒரே பிள்ளை ஜெனிட்டா, அப்பம் அஞ்சு வயசு. அண்ணாச்சிக்கு ஒரு மகளும் உண்டு, டெய்சி. அடுத்த தெருவுலதான் இருக்கா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வருவா, கட்டில் பக்கத்துல நின்னு அஞ்சு நிமிசம் அழுவா, போயிருவா.

எப்சிபா அழமாட்டா. மூத்திரத் துணி அலசுவா, கஞ்சி கொடுப்பா, புரட்டிப் போட்டுப் பவுடர் போடுவா. நாலு வருசத்துல அண்ணாச்சிக்குப் படுக்கைப் புண்ணு ஒண்ணு வந்தது கிடையாது, அதையும் சொல்லணும்லா. ஆனா மூஞ்சியில ஒரு சிரிப்பு இருக்காது. அண்ணாச்சியும் லேசுப்பட்ட ஆளு இல்ல. "எளா எப்சி, எளா எப்சி"ன்னு ஒரு நாளைக்கு நாப்பது தடவை கூப்பிடுவாவ. ஃபேன் சுத்தினா நிறுத்தணும், நிறுத்தினா சுத்தணும். என் அறை ஜன்னலுக்கு நேரே அவிய அறை ஜன்னல், நடுவுல ஒரு ஆளு போற சந்துதான். நான் வேதம் வாசிக்கிற நேரத்துலயும் அந்தச் சத்தந்தான். திரையப் போட்டு வச்சிருவேன். வேற என்ன செய்ய.

அப்படி இருக்கையில ஒரு தை மாசம், காலையில பதினொண்ணு மணி இருக்கும், அண்ணாச்சிக்குக் கஞ்சி புரையேறி உயிர் போயிட்டுது. டாக்டர் வந்து பாத்துட்டு, "இது ஒரு நிமிசம் ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருக்கும், பக்கத்துல இருந்தாலும் கஷ்டம்தான்"னு சொல்லிட்டுப் போனாரு. நல்லபடியா அடக்கம் பண்ணினோம். டெய்சிதான் கல்லறையில புரண்டு அழுதா. அதோட முடிஞ்சிருக்க வேண்டியது.

அந்த வருசம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு காலத்துலதான் எங்க சபைப் போதகர், ஐயர்னுதான் சொல்லுவோம், எங்கயோ பயிற்சிக்குப் போயிட்டு வந்து ஒரு புதுத் திட்டம் சொன்னாரு. பெண்கள் எல்லாம் ரெண்டு ரெண்டு பேரா சேரணும். மூத்தவ ஒருத்தி, இளையவ ஒருத்தி. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் உக்காந்து ஒருத்தரையொருத்தர் கேள்வி கேக்கணும், ஒளிக்காமப் பதில் சொல்லணும். அவனவன் தன் ஆத்துமாவுக்குப் பொறுப்பு, நாளைக்கு ஆண்டவர் முன்னால நின்னு பதில் சொல்லப் போறவன் இன்னைக்கே சொல்லிப் பழகணும், அப்படின்னாரு. நல்ல திட்டம் டீச்சர், இன்னைக்கும் சொல்லுவேன். ஏழு கேள்வி அடிச்ச சீட்டு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாரு. தினமும் ஜெபம் பண்ணினாயா, யார் மேலயாவது கசப்பு உண்டா, பொய் சொன்னாயா, இப்படி. நாலாவது கேள்வி, செய்ய வேண்டியது என்று தெரிந்தும் செய்யாமல் விட்டது உண்டா.

எனக்கு எப்சிபாவ ஜோடி சேத்தாவ. பக்கத்து வீடு, வசதின்னு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வருவா. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலிதான். நான் கேப்பேன், அவ சொல்லுவா. பிறகு அவ கேப்பா. நான் என்ன சொல்ல இருக்கு? "ஆண்டவருடைய கிருபையில ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொல்லுவேன். ஏழுக்கும் அதே பதில்தான். அவ சொல்றத மட்டும் ஒரு நோட்டுல குறிச்சு வைப்பேன். ஜெபம் பண்ணும்போது மறந்துரக் கூடாதுல்லா.

மூணாவது வாரம், நாலாவது கேள்வி கேட்டேன். அவ சீட்டையே பாத்துக்கிட்டு இருந்தா.

"சொல்லு எப்சி, ஆண்டவருக்குத் தெரியாததா"ன்னேன்.

"மாமா கூப்பிட்டது எனக்குக் கேட்டுது சித்தி"ன்னா.

"என்னைக்கு?"

"அன்னைக்குத்தான். கஞ்சி பாதி கொடுத்து, மீதிய டம்ளர்ல அவிய கைக்கு எட்டுற மாதிரி வச்சிட்டு, துணியெல்லாம் அலசிப் போட்டுட்டு, பின்னால துவைக்கிற கல்லுல உக்காந்தேன். கால் ரெண்டும் வலிச்சுது. காப்பியக் கையில எடுத்தேன், எப்சின்னு கூப்பிட்டாவ. ஒரு தடவை. குடிச்சிட்டுப் போவோம்னு இருந்துட்டேன். பத்து நிமிசம் இருக்கும். போனா, கண்ணு நிலைச்சுப் போயிருக்கு."

அப்பவும் அவ அழல டீச்சர். கைய மடியில வச்சுக்கிட்டுச் சொன்னா, என்னமோ கடையில சாமான் வாங்கின விவரம் மாதிரி. பிறகு என்னையப் பாத்து, "உங்க ஜன்னல் திறந்துதான் இருந்துது. உங்களுக்குக் கேக்கலியா சித்தி?"ன்னா.

"நான் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்மா"ன்னேன்.

"அப்பம் கேட்டிருக்காது"ன்னா. எழுந்திரிச்சுப் போயிட்டா.

அவ போன பிறகு எனக்குப் பாரமா இருந்துது. ஒரு ஆத்துமாவோட பாவம் என் கையில இருக்கு, நான் என்ன செய்ய? ரெண்டு வாரம் தனியா ஜெபம் பண்ணிப் பாத்தேன், பாரம் இறங்கல. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஐக்கிய சங்கக் கூட்டத்துல ஜெபக் குறிப்பு கேட்டாவ. நான் எழுந்திரிச்சு, "நம்ம சபையில ஒரு இளம் சகோதரி, வியாதியில கிடந்த பெரியவர் கூப்பிட்டது கேட்டும் போகாம இருந்துட்டா, அந்தக் குற்ற மனசுலயிருந்து ஆண்டவர் அவளுக்கு விடுதலை கொடுக்கணும்"னு சொன்னேன். பேரு சொல்லல டீச்சர். பேரு நான் சொல்லவே இல்ல. சத்தியமா ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்.

டெய்சி ரெண்டாவது வரிசையில இருந்தா. ஆமென் சொல்லு முன்ன எழுந்திரிச்சுப் போயிட்டா.

மறுநாள் காலையில அந்த வீட்டுல சத்தம். தெருவே கேட்டுது. எங்க அப்பாவ மூச்சு முட்டிச் சாக விட்டுட்டுச் சும்மா இருந்தவ இவதான்னு டெய்சி கத்துறா. ஜெபசிங் பெண்டாட்டிகிட்ட ஒரே கேள்விதான் கேட்டான், "கேட்டுதா?"ன்னு. இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. "கேட்டுது, போகல"ன்னு சொன்னா. "எத்தன தடவை கூப்பிட்டாவ?" "ஒரு தடவை." டெய்சி விடுவாளா? உயிர் போற மனுசன் ஒரு தடவையா கூப்பிடுவாரு, பத்துத் தடவை கூப்பிட்டிருப்பாரு, இவ வேணும்னே உக்காந்திருக்கா, நாலு வருசமா எப்படா போவாருன்னு இருந்திருக்கா, ஒரு தடவைங்கிறதுக்கு யாரு சாட்சின்னு கேட்டா. அதுக்கு எப்சிபா, "வயலட் சித்திகிட்டக் கேளுங்க. அந்நேரம் அவிய வீட்டுலதான் இருப்பாவ, ஒரு தடவைக்கு மேல கூப்பிட்டிருந்தா கட்டாயம் கேட்டிருக்கும்"னு சொல்லிட்டா.

ஜெபசிங் வந்தான். வாசப்படியில செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து நின்னான். வெளியில டெய்சி நிக்கா, அவளுக்குப் பின்னால நாலு பேரு நிக்காவ. அத்தனையும் நம்ம சபை ஆளுங்க.

"சித்தி, அன்னைக்கு நீங்க வீட்டுலதான இருந்தீங்க?"

"இருந்தேன்பா."

"அப்பா கூப்பிட்டது கேட்டுதா?"

"ஜெபத்துல இருந்தேன் ஜெபா. ஒண்ணும் கேக்கல."

"ஒரு தடவைகூடவா கேக்கல?"

"கேக்கலப்பா."

தலையக் குனிஞ்சு செருப்ப மாட்டினான். சரி சித்தின்னுட்டுப் போயிட்டான்.

கேட்டுதா கேக்கலையான்னு நீங்க கேக்கீங்க. வாயால கேக்கல, பார்வையில தெரியுது. கேட்டுது டீச்சர். இந்தக் காதுக்குக் கேக்காம இருக்குமா. முழங்கால்ல நின்னேன், அது பொய் இல்ல. "எப்சி"ன்னு ஒரு தடவை. சத்தம் ஒரு மாதிரி இருந்துது, எப்பவும் போல இல்ல. அந்த மூச்சோட டம்ளர் கீழ விழுந்து உருண்டுது. பிறகு ஒண்ணும் இல்ல. திரைய விலக்கிப் பாக்கலாம்னு தோணிச்சு. எழுந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சா ஜன்னல். ஆனா ஆண்டவரோட பேசிக்கிட்டு இருக்கையில பாதியில எழுந்திரிக்கவா? எப்சி இருக்கா, அவ மாமனாரு, அவ பாத்துக்கிடுவான்னு இருந்துட்டேன். அது அவ வேலைதான?

ஜெபசிங் கேக்கும்போது சொல்லியிருக்கலாம், ஒரு தடவைதான்பா, அதோட முடிஞ்சிட்டுதுன்னு. டாக்டர் சொன்னதும் சரியா வந்திருக்கும், எப்சி சொன்னதும் சரியா வந்திருக்கும். ஆனா அப்படிச் சொன்னா, அப்பம் நீங்க ஏன் எட்டிப் பாக்கலன்னு அடுத்த கேள்வி வரும்லா. வாசல்ல அத்தனை பேரு நிக்காவ. நான் ஐக்கிய சங்கச் செயலாளர். என் பேருக்கு ஒண்ணு வந்தா அது எனக்கு மட்டுமா, சபைக்கும் சேத்துத்தான.

பெரிய வியாழக்கிழமை ராப்போஜனத்துக்கு எப்சிபா வந்தா. கடைசி பெஞ்சுல உக்காந்தா. எல்லாரும் எழுந்திரிச்சுப் பீடத்துக்குப் போகையில அவ எழுந்திரிக்கல. யாரும் அவள வேண்டாம்னு சொல்லல, ஐயரும் சொல்லல. அவளாத்தான் உக்காந்திருந்தா. நான் அவளத் தாண்டித்தான் போனேன். போயி முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கினேன். திரும்பி வரும்போது அவ என்னையப் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டு இருந்தா.

ஈஸ்டர் முடிஞ்ச வாரம் ஜெபசிங் அவள முக்கூடல்ல அவ அண்ணன் வீட்டுல கொண்டு விட்டுட்டு வந்தான். பிள்ளைய டெய்சி எடுத்துக்கிட்டா. வண்டி வந்து நிக்கையில அந்தப் பிள்ளை அம்மா சேலையப் பிடிச்சுக்கிட்டு விடல. டெய்சிதான் விரல ஒண்ணொண்ணா எடுத்து விட்டா. நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். ஜெபசிங் ரெண்டு மாசத்துல மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிட்டான். போறப்பம் சாவிய என்கிட்டக் கொடுத்து, "நல்ல ஆளா வந்தா விடுங்க சித்தி"ன்னான். இதுவரைக்கும் யாரும் அமையல.

இந்த வருசம் புது வருச ஆராதனை முடிஞ்ச மறுநாள் காலையில குளியலறையில வழுக்கி விழுந்தேன். வலது கை அடியில மாட்டிக்கிட்டுது. எழுந்திரிக்க முடியல. கூப்பிட்டேன். யாரு இருக்கா? இந்தப் பக்கம் பூட்டின வீடு, அந்தப் பக்கம் காலி மனை. மூணு மணி நேரம் ஈரத் தரையில கிடந்தேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவன் பாத்துத்தான் ஆள் கூட்டினான். எத்தன தடவை கூப்பிட்டீங்கன்னு ஆஸ்பத்திரியில நர்சு கேட்டா. நிறையன்னு சொன்னேன். பிறகு படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தா, ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் வெளியில வந்திருக்கும். மத்ததெல்லாம் வாய் திறந்துது, சத்தம் வரல.

அதுக்குப் பிறகு எனக்கு உறக்கம் இல்ல. பழைய ஐயர் மாறிப் போயிட்டாரு. புது ஐயர்கிட்டப் போயி, இப்படி ஒரு காரியம் என் மனசுல இருக்குன்னேன். பாதி கேட்டாரு. "அம்மா, முடிஞ்சு போன குடும்பத் தகராறு, அதக் கிளறி ஏன் கஷ்டப்படுதீங்க, ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு விசுவாசியுங்க"ன்னு தலையில கைய வச்சு ஜெபிச்சு அனுப்பிட்டாரு. திரும்ப வாரப்பம் மனசு முன்னைவிடக் கனமா இருந்துது.

மாசி மாசம், கையில கட்டோட, பஸ் ஏறி முக்கூடல் போனேன்.

எப்சிபா உள்ளறையில பீடி சுத்திக்கிட்டு இருந்தா. தட்டு மடியில. எலும்பா இருந்தா. முன்னால ரெண்டு பல்லு இல்ல. "வாங்க சித்தி, கை என்னாச்சு?"ன்னு கேட்டா, கோவம் இல்லாம. விழுந்த கதையச் சொன்னேன். அவ அண்ணன் பெண்டாட்டி ஒரு செம்பு தண்ணி கொண்டு வந்து வச்சிட்டு வெளிய போயிட்டா.

"எப்சி, அன்னைக்கு மாமா கூப்பிட்டது எனக்குக் கேட்டுது"ன்னேன்.

அவ கை நிக்கல. இலைய மடக்குறா, தூள வைக்கா, உருட்டுறா.

"ஒரு தடவைதான் கூப்பிட்டாவ. அதோட டம்ளர் உருண்டுது. பிறகு சத்தமே இல்ல. நீ உடனே ஓடியிருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது எப்சி. உன்மேல தப்பு இல்ல."

"இல்ல சித்தி. அஞ்சாறு தடவை கூப்பிட்டாவ"ன்னா.

"ஒரு தடவைன்னு நீதான சொன்ன?"

"அப்பம் அப்படி நினைச்சிக்கிட்டேன். இங்க வந்து உக்காந்து யோசிக்கையில எல்லாம் கேக்குது. முதல்ல மெதுவா கூப்பிட்டாவ. பிறகு சத்தமா. பிறகு கெஞ்சி. கடைசியில ஜெனிட்டா பேரையும் சொல்லிக் கூப்பிட்டாவ. நான் காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அப்படி நடக்கல எப்சி. நான் கேட்டேன். இந்தக் காதால கேட்டேன்."

"இத ஜெனிட்டா அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எழுதணும், எழுதுவேன்"ன்னேன்.

அப்பத்தான் நிமிந்து பாத்தா. பாத்துட்டு, கட்டுப் போட்ட என் கையில மெதுவாத் தொட்டா.

"எம்மேல உள்ள பாசத்துல சொல்லுதீங்க சித்தி, எனக்குத் தெரியுது. அன்னைக்கே உங்களுக்குக் கேக்கலன்னு சொல்லிட்டீங்க. நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. இப்பம் எனக்காக ஒரு பொய்யச் சொல்லி, அந்தப் பாவம் உங்களுக்கு என்னத்துக்கு? நான் பதில் சொல்ல வேண்டியத நான் சொல்லிக்கிடுதேன்."

சத்தியம் பண்ணிப் பாத்தேன். வேதபுத்தகத்து மேல கைய வச்சுக்கூடச் சொன்னேன். "வேண்டாம் சித்தி, ஆணையிடாதீங்க"ன்னு புத்தகத்த என் கையிலயிருந்து மெல்ல வாங்கி அலமாரியில வச்சிட்டா. பிறகு தட்ட எடுத்து மடியில வச்சுக்கிட்டா. அஞ்சு மணி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவ அண்ணன் பெண்டாட்டி வந்து சொன்னா. வெளியில வந்து பஸ் ஏறினேன்.

நான் சொல்லிட்டேன்லா டீச்சர். போய், நேர்ல, அவ முகத்தப் பாத்துச் சொன்னேன். நம்பாதது அவ பாடுதான? அதுக்கும் நானா பதில் சொல்ல முடியும்?

ஜெபசிங்குக்கு எழுதணும். அட்ரஸ் இருக்கு, டெய்சிகிட்ட வாங்கி எட்டு மாசமாச்சு. போன்ல சொல்ற காரியம் இல்ல, எழுத்துலதான் சொல்லணும். ஆனா கை இன்னும் பேனாவப் பிடிச்சா நடுங்குது. ஐக்கிய சங்க ரிப்போர்ட்டு எழுதுறேன், அது ரெண்டு பக்கம், வழக்கமா எழுதுறது, அது வேற. இதுக்கு உக்காந்தா, "அன்புள்ள ஜெபசிங்குக்கு"ன்னு எழுதுறேன், அதுக்குக் கீழ ஒரு வரி வரமாட்டேங்குது. கிழிச்சுப் போட்டுட்டு மறுநாள் எழுதலாம்னு எழுந்திரிச்சிருவேன். அவனும் இந்த டிசம்பருக்கு வாரானாம். அவனுக்கு மறுகல்யாணத்துக்கு அங்கயே ஒரு பெண்ணப் பாத்திருக்காவன்னு பேச்சு. பிள்ளை டெய்சிய அம்மான்னுதான் கூப்பிடுதாம்.

குடிக்கவே இல்லியே டீச்சர். காப்பி ஆறிட்டுதே, வேற போடவா?